பழைய இலையா, புது இலையா?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது துணி காயப்போட இடம் கிடையாது. வெள்ளைக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. குழாயில் துளை, துளைக்கு ஒரு செடி, மொத்தம் அறுநூறு. மண் ஒரு பிடி கிடையாது. கீழே ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்று. அதிலிருந்து சத்துக் கரைசல் பம்ப் மூலம் மேலே ஏறி, வேரை நனைத்துவிட்டுத் திரும்பத் தொட்டிக்கே வருகிறது. மேலே பச்சை நிழல்வலை. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘உன் பிள்ளையின் ஐ.சி.யூ.’

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்த என் மகனுக்குப் போன வருஷம் வேலை போயிற்று. அதன் பிறகு அவன் இறங்கிய தொழில் இது. லெட்டூஸ், பாலக் இரண்டும் போடுகிறான். வாரம் இரண்டு முறை சென்னைக்குப் போகிறது. முதலீட்டில் ஒரு பங்கு அவன் சேமிப்பு, மறு பங்கு மருமகளின் ஐந்து பவுன் அடகுக்குப் போனதால் வந்தது. இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ‘எழுதுங்க மாமா, நாலு பேர் கேட்டாலாவது சீக்கிரம் மீட்பார்’ என்றாள்.

ஐப்பசியில் போட்ட முதல் பயிர் நன்றாக வந்தது. மார்கழிப் பயிரும் அப்படியே. மாசியில் போட்டதுதான் மஞ்சளாயிற்று. ஒன்றிரண்டு செடி அல்ல, அறுநூறும். மகன் உடனே அந்தச் சாமான்களை விற்ற கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினான். பதில் ஐந்து நிமிஷத்தில் வந்தது: ‘தழைச்சத்து போதவில்லை, இந்தப் பாட்டிலை ஊற்றுங்கள்.’ ஊற்றினான். நாலு நாளில் இலை ஓரம் கருகியது. மறுபடி படம். ‘சாம்பல்சத்துக் குறை, இந்தப் பாட்டில்.’ பிறகு கால்சியமும் மெக்னீசியமும் கலந்த ஒரு பாட்டில். கடைசியாகப் பூஞ்சைக்கு ஒன்று. நாலு பாட்டில், இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். செடி முன்னைவிட மோசம்.

அப்போதுதான் மாடிப்படி ஏறினேன். முழங்கால் காரணமாக அதுவரை நான் அங்கே அதிகம் போனதில்லை.

நான் விவசாயி அல்ல. தாலுகா அலுவலக எழுத்தராக முப்பத்தாறு வருஷம் அடங்கலில் பிறர் பயிரை எழுதியவன். ஆனால் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சுப் பள்ளியில். சின்ன வகுப்பில் ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பொருளை மேசைமேல் வைத்து, கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். ஈரப் பஞ்சில் மொச்சை முளைக்க வைப்போம். ‘செடி வாடிவிட்டது’ என்று ஒருவன் சொன்னால் வாத்தியார் விடமாட்டார். எந்த இலை? மேலிருந்து எத்தனையாவது? நுனியா, ஓரமா, நடுவா? நரம்பு என்ன நிறம்? காரணம் சொல்ல வாயைத் திறந்தால் பிரம்பு மேசையைத் தட்டும். முதலில் பார்த்ததைச் சொல், காரணம் அப்புறம்.

ஆகவே பதிவேடு எழுத வைத்திருந்த பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். அடியில் இருந்த பழைய இலைகள் பச்சை. நடுவில் புதிதாக விரியும் இலைகள் எலுமிச்சை மஞ்சள். அந்த மஞ்சளிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி நிற்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். பேன் இல்லை, சிலந்திப்பூச்சியின் நூல் இல்லை. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் வெள்ளையாகத்தான் இருந்தது. அழுகல் நாற்றமோ பழுப்போ வழவழப்போ இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் மண்ணில் வளர்ப்பவர்களுக்கும் இது உதவும். செடிக்குள் சத்துக்கள் இரண்டு ஜாதி. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சகாலத்தில் செய்தது போலத்தான். எனவே அந்தக் குறைகள் முதலில் அடி இலையில் தெரியும். இலை முழுக்க ஒரே மாதிரி வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக இருந்து நடுவே மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் கருகினால் சாம்பல்சத்து. இரும்பு, கால்சியம், போரான் போன்றவை அப்படி நகர மாட்டா. போய் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தவைதான். வரத்து நின்றால் புதிதாக வரும் இலைதான் பட்டினி கிடக்கும். ஆக, மஞ்சளைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘என்ன ஊற்றலாம்’ அல்ல. பழைய இலையா, புது இலையா?

எங்கள் செடியில் புது இலை. தழைச்சத்து குறைந்திருந்தால் அடி இலை அல்லவா முதலில் வெளுத்திருக்க வேண்டும்? முதல் பாட்டிலே தப்பு. இதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டாம், இலையைத் திருப்பிப் பார்க்கிற ஒருவர் போதும்.

இரும்புக்கும் இலைக்கும் உள்ள இந்த உறவைக் கண்டு சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர், எசேப் கிரீ. 1840களிலேயே, வெளுத்த இலைமேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் பச்சை திரும்புகிறது என்று காட்டினார். இலை இப்படி வெளுப்பதைப் பிரெஞ்சில் ‘க்ளோரோஸ்’ என்பார்கள். அதே தேசத்தில் அதே நோவு பிறகு பெரிய அளவில் வந்தது. ஃபிலோக்சரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அதற்குத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்து, அந்த வேரின்மேல் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக் கட்டினார்கள். பூச்சி போயிற்று. ஆனால் சுண்ணாம்பு நிலங்களில் இலைகள் மஞ்சளாயின. 1887இல் பியேர் வியாலா என்ற பேராசிரியரை அமெரிக்காவுக்கே அனுப்பி, சுண்ணாம்பைத் தாங்கும் வேரைத் தேடச் சொன்னார்கள். அந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடவில்லை. இதைப் பிரெஞ்சில் தூண்டப்பட்ட குறை என்ற பொருளில் சொல்வார்கள். அண்டாவில் சோறு இருக்கிறது, மூடி திறக்கவில்லை.

மாடிக்கு வருவோம். எங்கள் தொட்டியில் மூடி எது? மகனிடம் பதிவேடு கேட்டேன். ‘எல்லாம் மனசுல இருக்குப்பா’ என்றான். அரசாங்க வேலையில் இருந்தவனுக்கு இதைவிட வயிற்றைக் கலக்கும் பதில் கிடையாது. ஒன்றொன்றாக விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. முதல் இரண்டு பயிருக்கும் கீழே சம்ப்பில் சேர்ந்திருந்த மழைத் தண்ணீர். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு ஆணை வந்தபோது நான் முணுமுணுத்துக்கொண்டே கட்டிய சம்ப் அது. தை மாதக் கடைசியில் தண்ணீர் தீர்ந்தது. இவன் போர் மோட்டாரைப் போட்டுவிட்டான். தண்ணீர் தண்ணீர்தானே!

அங்கேதான் கோளாறு. நம் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. அந்தக் கார உப்புகள் கரைசலின் பிஹெச் அளவை ஏற்றிவிடும். லெட்டூஸுக்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அன்று எங்கள் தொட்டியில் 7.9. கடையில் பொதுவாகத் தரும் இரும்பு ‘ஈடிடிஏ’ என்ற பொருளோடு பிணைத்தது. பிஹெச் 6.5ஐத் தாண்டினால் அந்தப் பிணைப்பு தளர்ந்து, இரும்பு செடிக்கு உதவாமல் போய்விடும். ‘டிடிபிஏ’ வகை சுமார் 7.5 வரை தாங்கும். ஆக, தொட்டியில் இரும்பு இருந்தது, வேரால் எடுக்க முடியவில்லை. சுண்ணாம்பு நிலத்துத் திராட்சையும் ஆரணி மாடி லெட்டூஸும் ஒரே வியாதிக்காரர்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ‘இசி’ மீட்டர் அவனிடம் இருந்தது. எப்போதும் 1.3 வைப்பானாம். மழைத் தண்ணீர் தானாக 0.1தான் காட்டும். ஆகவே மீதி 1.2ம் நாம் போட்ட சத்து. போர் தண்ணீர் ஒன்றும் போடாமலே 0.7 காட்டுகிறது. அப்படியானால் சத்து 0.6தான், பாதி. வளர்ச்சி மந்தப்பட்டதற்கு அதுவும் காரணம். மீட்டர் உப்பை எண்ணும், எந்த உப்பு என்று சொல்லாது. அதன்மேல் பாட்டில்களை ஊற்றி 2.3க்குக் கொண்டுபோயிருந்தான். ஓரம் கருகியது சாம்பல்சத்துக் குறையால் அல்ல, உப்பு கூடியதால். முதல் மருந்து உண்டாக்கிய புண்ணுக்கு இரண்டாம் மருந்து. மூன்றாவது பாட்டிலை, சல்பேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும் ‘பி’ கரைசலோடு ஒரே வாளியில் கலந்திருக்கிறான். அடியில் வெள்ளை வண்டல். ஏ, பி என்று சத்தை இரண்டு கேனாகப் பிரித்துத் தருவதே கால்சியம் அவற்றோடு கெட்டியாகச் சேரக் கூடாது என்பதற்காகத்தான். அந்த வண்டல் நம் பணம்.

இதில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரை நான் திட்டவில்லை. அவர் விற்க உட்கார்ந்திருக்கிறார், விற்கிறார். வைத்தியரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால், ‘உனக்கு மருந்து வேண்டாம், தண்ணீரை மாற்று’ என்று அவர் எப்படிச் சொல்வார்? ஆனால் லட்சக் கணக்கில் பணம் வாங்கிக் குழாய் போட்டுத் தருகிறவர்கள், முன்பணம் வாங்குவதற்கு முன்பு அந்த வீட்டுத் தண்ணீரைச் சோதித்து எழுத்தில் தர வேண்டும் என்பது விதியாக வேண்டும். வீடு கட்டுவதற்கு முன் மண்ணைப் பார்க்கிறோம். போர் போடுவதற்கு முன் தேங்காயை வைத்தாவது பார்க்கிறோம். இதற்கு மட்டும் எதையும் பார்ப்பதில்லை. குறிப்பாக நம் பக்கத்தில். ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டுக்கும் நடுவே தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று கிணற்று வயல்கள் அமைத்துச் சென்னைக்குத் தண்ணீர் எடுத்த கதை என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் உள்ளே வந்துவிட்டது என்பது 1960களின் கடைசியிலேயே பேசப்பட்டது. இன்று அதே மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட பூமியில் ஒவ்வொரு தெருவின் தண்ணீரும் ஒவ்வொரு விதம். ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் பலித்த கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து ஊற்றலாமா?

இது மாடித்தோட்டத்துக்காரர்களின் சமாசாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கீழே வயலிலும் இதே கதைதான். நெல் மஞ்சளானால் யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறபோது யோசிக்க யாருக்குப் பொறுமை? இலை பச்சை கட்டும், பூச்சியும் கூடவே வரும். வடக்கே பந்த்நகரில் நெல் இலைகள் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாகி அடங்கிப்போனபோது கிருமி நோய் என்றே பலரும் நினைத்தார்கள். 1966இல் ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானி அது துத்தநாகக் குறை என்று கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் ஜிங்க் சல்பேட் நெல்வயலுக்கு வந்தது. நம் பக்கத்தில் ஏக்கருக்குப் பத்து கிலோ அடியுரமாகப் போடச் சொல்கிறார்கள். எத்தனை பேர் போடுகிறார்கள் என்று நான் அடங்கல் எழுதப் போன காலத்தில் கேட்டதுண்டு. சிரிப்பார்கள்.

மண்ணில்லாப் பயிர் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்றும் சிலர் என்னிடம் கேலி பேசினார்கள். ஜெர்மனியில் சாக்ஸ் என்பவர் 1860 வாக்கில் உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார். கலிபோர்னியாவில் கெரிக்கே அதை 1930களில் தொழிலாக்கப் பார்த்தார், ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயர் அவரால்தான் பரவியது. நம் நாட்டில் 1946 வாக்கில் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் செங்கல் தொட்டியும் கல்லும் மணலும் வைத்து, ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் ‘வங்காள முறை’ ஒன்றைச் செய்தார். பம்ப், மீட்டர் எதுவும் இல்லாத முறை.

நடுவில் ஒரு கூத்து. இலைக்குறைகளைக் காட்டும் வண்ணப்படம் ஒன்றை மகன் எங்கிருந்தோ எடுத்து அச்சடித்து மாடிக் கதவில் ஒட்டியிருந்தான். அருமையான படம். ஒவ்வொரு சத்துக்கும் ஓர் இலை, குறை எங்கே தொடங்கி எங்கே பரவும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. முருங்கைக்காய் பறிக்க வந்த எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஏட்டு அதன் முன்னால் நின்றுவிட்டார். ‘சார், இது என்ன இலைன்னு தெரியுமா?’ விரல் விரலாக ஏழு பிரிவு, ஓரமெல்லாம் ரம்பப் பல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கஞ்சா! கனடாவில் 2018 முதல் அதற்கு அனுமதி உண்டு. அங்கே அதை அறைக்குள் கரைசலில் வளர்க்கிறார்கள். ஒரு செடி கெட்டால் போகிற பணம் பெரிது என்பதால் இலை நோவைப் பார்க்க அவ்வளவு கவனமாகப் படம் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 1985ஆம் வருஷச் சட்டப்படி அந்தச் செடியை வளர்த்தால் பத்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும். ‘படத்துக்குத் தண்டனை இல்லைதான், ஆனா கதவுல ஒட்டாதீங்க’ என்றார் ஏட்டு. கிழித்துவிட்டோம். அந்தப் படத்திலிருந்த இலை விதி எல்லாச் செடிக்கும் பொது, அதில் பிழையில்லை. அளவுதான் ஆபத்து. அது பெருந்தீனிச் செடி. அதற்குச் சொன்ன உப்பு அளவை லெட்டூஸுக்கு வைத்தால் இலை ஓரம் பொசுங்கும். எங்கள் மாடியில் 2.3 எப்படி வந்தது என்பதில் கடைக்காரரின் பாட்டிலோடு இந்தப் படத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். மகன் ஒப்புக்கொள்ளவில்லை.

என்ன செய்தோம்? தொட்டியை முழுக்கக் காலி செய்தோம். பக்கத்து ஆர்.ஓ. கடையில் பதின்மூன்று கேன் வாங்கி, பாதி அது, பாதி போர் தண்ணீர். தண்ணீரே 0.4 காட்டியதால் கரைசலை 1.5க்குக் கொண்டுவந்தோம். பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஹெச்சை 6க்கு இறக்கினோம். (தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.) இரும்பை டிடிபிஏ வகைக்கு மாற்றினோம். நீள நோட்டு ஒன்று போட்டு, காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் பிஹெச், இசி, தண்ணீர்ச் சூடு, எந்த இலை எப்படி என்று நானே எழுத ஆரம்பித்தேன். ஆறாம் நாள் காலையில் நடுக்கொழுந்து பச்சையாக வந்திருந்தது. மருமகள்தான் முதலில் பார்த்தாள்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. இருநூறு செடிக்கு மேல் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போயிற்று. அந்தப் பயிரில் லாபம் இல்லை, அடகு வட்டி மட்டும் ஏறியது. பங்குனி வெயிலில் வேறொரு தொல்லை. உள் இலைகளின் நுனி கருக ஆரம்பித்தது. புது இலை, அதனால் கால்சியம். மகன் மறுபடியும் பாட்டிலைத் தேடினான், தடுத்துவிட்டேன். கால்சியம் தண்ணீரோடு ஏறி, தண்ணீர் ஆவியாகும் இலைக்குத்தான் போகும். மூடிக்கிடக்கும் கொழுந்தில் காற்றுப் படாவிட்டால் அங்கே போகாது. ஒரு பழைய டேபிள் ஃபேனை வைத்தோம். ஓரளவு குறைந்தது. தண்ணீர்ச் சூடுதான் இன்னும் பிடிபடவில்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மதியம் எங்கள் தொட்டி 33 காட்டுகிறது. வேர் மூச்சுத் திணறி அழுக ஆரம்பித்தால் இலை வாடும், அதற்கும் யாராவது ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். தொட்டியைத் தரையில் புதைக்கலாமா என்று பார்க்கிறோம். சித்திரை, வைகாசிக்கு லெட்டூஸ் வேண்டாம், தண்டுக்கீரையும் சிறுகீரையும் மண் தொட்டியில் போடு என்பது என் யோசனை. ‘கீரைக்கு என்னப்பா விலை கிடைக்கும்’ என்கிறான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நம் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இந்தக் குழாய்களை வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வாங்குங்கள். அதற்கு முன் ஒரு லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தண்ணீர்ச் சோதனை எங்கே செய்வார்கள் என்று திரூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். எங்கள் நோட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை ஆறரைக்கு வரலாம். மாடிப்படியில் கைப்பிடி போட்டாயிற்று.